எத்தனை பேர் எழுதினார்கள்?

1995இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. அடுத்த ஆண்டே திரும்பச் சேர்ந்து, 2007இல் மறுபடி தனிக்குடித்தனம் போனது. இந்த வட்டாரத்துப் பொறியியல் தேர்வுகளின் ஜாதகமும் ஏறக்குறைய இதுதான்.

முதலில் இந்தப் பக்கத்துக்குப் பாரதிதாசன் பல்கலைக்கழகம், கோவைப் பக்கத்துக்குப் பாரதியார். பாடத்திட்டம் வேறு, கேள்வித்தாள் வேறு. இங்கே வாங்கிய 70ஐயும் அங்கே வாங்கிய 70ஐயும் எதை வைத்து ஒப்பிடுவது? 2001 இறுதியில் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்த பிறகுதான் பொதுவான கேள்வித்தாளுக்கு வழி பிறந்தது. 2007இல் அந்தப் பல்கலைக்கழகத்தையும் பிரித்து, திருச்சிக்கென்று தனியே ஒன்றை அமைத்தார்கள். 2012இல் மறுபடி ஒன்றாக்கினார்கள்.

பருவத் தேர்வு முடிந்தால் கல்லூரிவாரித் தேர்ச்சிப் பட்டியல் வெளியாகும். கலந்தாய்வுக்குக் கிளம்பும் பெற்றோரின் விரல் விழுக்காட்டின் மேல்தான் ஓடும். அதைவிட முக்கியம், எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்பது. 12 பேர் எழுதிய துறையில் ஒருவருக்கு அரியர் விழுந்தால் தேர்ச்சி 8 விழுக்காட்டுக்கு மேல் சரியும். 300 பேர் எழுதிய இடத்தில் அது கால் விழுக்காட்டைச் சற்றே தாண்டும். சின்னக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற இந்தத் தலைவலிக்குத்தான் டப்ளின் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் 1908இல் ஒரு வழி சொன்னார். கட்டுரையில் அவர் போட்டுக்கொண்ட புனைபெயர் ‘ஸ்டூடண்ட்’!

சிமெண்ட் ஆலைகள் சூழ்ந்த அரியலூரில் தேர்ச்சியை ஒப்பிடும் சிக்கல் இன்னும் கூர்மையானது. 2010-11இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. அரியலூர் உறுப்புக் கல்லூரிக்கும் அவை வந்தன. தமிழ்வழி வகுப்பின் தேர்ச்சியை ஆங்கிலவழி வகுப்போடு நேருக்கு நேர் வைப்பது நியாயமல்ல. உள்ளே நுழையும்போதே இரு வகுப்பின் கட்-ஆஃபும் வேறாக இருக்கலாம். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கணக்கிடும் அந்த மதிப்பெண்ணில், ஒரே அளவில் சேர்ந்தவர்களை மட்டும் எடுத்து நான்காண்டு கழித்துப் பார்த்தால்தான் பயிற்றுமொழியின் பங்கு கொஞ்சமாவது தெரியும்.

2023 மே மாதம் அரியலூர் உட்பட 11 உறுப்புக் கல்லூரிகளில் தமிழ்வழிப் பிரிவுகளை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது; எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டது. அப்போது சொல்லப்பட்ட காரணம் மாணவர் சேர்க்கைக் குறைவு. படித்தவர்கள் என்ன கற்றார்கள் என்பதல்ல.