அம்பாசிடரின் அண்ணன்

2017-இல் ஆரம்பித்து வருடக்கணக்கில் வெறும் தூண்களாகவே நின்ற ஈஜிபுரா மேம்பாலத்துக்குக் கீழே, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக ஊர்ந்து பழகியவர்களில் அடியேனும் ஒருவன். போன மாதம் அந்த சிக்னலில் எங்கள் தெருப் பெரியவரின் 1957 எம்.ஜி.ஏ. காரில், பக்கத்து சீட்டில் இருந்தேன். பச்சை விழுந்தது. அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். வண்டி ஒரு திக்குத் திக்கி, நின்றுவிடுமோ என்று பயமுறுத்தி, அப்புறம்தான் பாய்ந்தது. பின்னாலிருந்து காதில் விழுந்த கன்னடத்தை இங்கே எழுத முடியாது :-)

பெரியவருக்குச் சொந்த ஊர் சாத்தூர் பக்கம். கார் அவருடைய அப்பா வாங்கியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் "இன்ஜினைப் பிரிக்கணும்" என்று லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். மனுஷர் மனசு விட்டுப்போய், மும்பைக்காரர் ஒருவருக்கு விற்பதாகப் பேசிவிட்டார். அட்வான்ஸ் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்தேன். விழுப்புரத்துக்காரர். மெட்ராஸில் அம்பாசிடர் டாக்ஸிகளோடு வாழ்ந்தவர். பானெட்டைத் திறந்ததும் சிரித்தார். "என்ன சார், நம்ம அம்பாசிடர் இன்ஜின்!"

அவர் சொன்னது வெறும் பேச்சில்லை. 1955-இல் இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ. வந்தபோது அதில் இருந்தது பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் இன்ஜின், 1489 சி.சி. அதே 1489 சி.சி. இன்ஜின்தான் 1959-இல் உத்தர்பாராவில் அம்பாசிடருக்குள் ஏறியது. நம் ஊரில் கல்யாண மாப்பிள்ளையையும் கலெக்டரையும் சுமந்த வண்டிக்கு, அங்கே ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அண்ணன்! அண்ணனுக்கு இரண்டு கார்புரேட்டர், 68 குதிரைத்திறன் (பிறகு 72). தம்பிக்கு ஒன்றே ஒன்று. இரண்டும் எஸ்.யூ. வகை.

இந்த எஸ்.யூ.வின் கதையும் சுவாரசியம்தான். ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்பவர் 1905-இல் காப்புரிமை வாங்கினார். குடும்பத் தொழில் செருப்பு வியாபாரம். அதனாலோ என்னவோ, ஆரம்பகால எஸ்.யூ.வில் இருந்த துருத்தி தோலால் ஆனது! பிறகு அந்த இடத்துக்கு உலோக பிஸ்டன் வந்தது. 1926-இல் கம்பெனியை மாரிஸ் வாங்கிக்கொண்டார்.

திக்கலின் ரகசியம் அந்த பிஸ்டனில்தான். திடீரென்று மிதித்தால் காற்று முந்திக்கொள்ளும். பெட்ரோல் கனம், பின்தங்கும். ஒரு நொடி கலவையில் பெட்ரோல் குறைந்து இன்ஜின் மூச்சுத் திணறும். மற்ற பல கார்புரேட்டர்களில் அந்த நேரத்துக்கென்று கூடுதல் பெட்ரோல் பீச்ச ஒரு குட்டி பம்ப் உண்டு. எஸ்.யூ.வில் கிடையாது. பதிலுக்கு, பிஸ்டன் தண்டுக்குள் கொஞ்சம் எண்ணெய். அது பிஸ்டனைச் சட்டென்று எழவிடாமல் பிடித்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் உறிஞ்சும் விசை கூடி, பெட்ரோல் அதிகமாக வரும்.

மெக்கானிக் முதலில் எண்ணெய் பக்கம் போகவே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினார். உள்ளே தட்டு நகர்ந்தது. டயஃப்ரம் கிழியவில்லை. பாயிண்ட் இடைவெளியும் சரி. அப்புறம்தான் கார்புரேட்டர் தலையிலிருந்த மூடியைத் திருகி எடுத்தார். ஒன்றில் பேருக்கு ஈரம். இன்னொன்று பாலைவனம். விரலால் பிஸ்டனைத் தூக்கினால் கனமாக ஏறவேண்டும், விட்டால் 'டக்' என்று விழவேண்டும். இங்கே பஞ்சு மாதிரி ஏறியது. யாரோ கழுவித் துடைத்து மாட்டிவிட்டு, எண்ணெய் ஊற்ற மறந்திருக்கிறார்கள்.

இரண்டிலும் இன்ஜின் ஆயில் ஊற்றினார். திக்கல் முக்கால்வாசி போயிற்று. மிச்சத்துக்குக் காரணம் பங்க்கில் இருக்கிறது என்றார். 2023 பிப்ரவரியில் இதே பெங்களூரில்தான் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை பிரதமர் தொடங்கிவைத்தார். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அதே அளவு காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். 1957-இல் எம்.ஜி.காரர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. கார்புரேட்டருக்கு அடியிலுள்ள அறுகோண நட்டை ஒரு பட்டை திருப்பினார். பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் அரித்துவிடும் என்று அவற்றையும் மாற்றச் சொன்னார். கூலி ஐந்நூறு ரூபாய்!

மறுபடி அதே சிக்னல். பச்சை விழுந்ததும் கார் வழுக்கிக்கொண்டு போயிற்று. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். "அந்த பாம்பேக்காரர் நம்பரை எந்தப் பேர்ல போட்டேன், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க தம்பி" என்றார்.