நிறுத்தி வைக்கும் சைக்கிளைத் துருவிலிருந்து காப்பது எப்படி?

பிளஸ் 1 படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள், பள்ளிப் படிப்பு முடிந்ததும் பல வீடுகளில் உர மூட்டைக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கப்படுகிறது. இரண்டு மழைக்காலம் கடந்தால் அது பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். அரை நாள் வேலையும் கொஞ்சம் எண்ணெய், கிரீசும் இருந்தால், அதே சைக்கிளைத் தம்பியோ தங்கையோ ஓட்டலாம்.

துருவுக்குக் காரணம்

இரும்பில் ஈரமும் காற்றும் படும்போது துரு பிடிக்கிறது. உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். யூரியாவும் பொட்டாஷும் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பவை. மியூரியேட் ஆஃப் பொட்டாஷில் உள்ள குளோரைடு இரும்பை அரிக்கும். மயில்துத்தக் கரைசலும் அப்படியே. எனவே உரம், மருந்து வைக்கும் அறையிலும் மாட்டுக் கொட்டகையிலும் சைக்கிளை நிறுத்தக் கூடாது. உரச் சாக்கால் மூடவோ துடைக்கவோ கூடாது.

செய்ய வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பரிலேயே இதை முடித்துவிடுங்கள்.

1. கழுவுதல்: சோப்புத் தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். மோட்டார் தண்ணீரை ஹப், பெடல் அச்சு மீது பீய்ச்ச வேண்டாம். பேரிங்கில் உள்ள கிரீஸ் வெளியேறி, தண்ணீர் உள்ளே தங்கிவிடும். துடைத்து, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள்.

2. துரு நீக்குதல்: லேசான துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். பெயின்ட் போன இடத்தில் ரெட் ஆக்சைடு பூசி, காய்ந்த பின் பெயின்ட் அடியுங்கள். சாம்பல் போட்டுத் தேய்த்தால் மிச்சமில்லாமல் கழுவிவிட வேண்டும். சாம்பலிலும் உப்பு உண்டு.

3. செயின்: டீசல் அல்லது மண்ணெண்ணெய் தொட்ட பழைய பிரஷ்ஷால் அழுக்கை எடுங்கள். அடுப்புப் பக்கம் இந்த வேலை வேண்டாம். துடைத்த பின், ஒவ்வொரு கண்ணியிலும் புது இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு விட்டு, பெடலைச் சுற்றுங்கள். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலில் அமிலமும் கசடும் இருக்கும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும். இரண்டும் வேண்டாம்.

4. கிரீஸ்: சீட் கம்பியைக் கழற்றிக் கிரீஸ் தடவி மாட்டுங்கள். இல்லாவிட்டால் உள்ளேயே இறுகிவிடும். நட்டு, ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு ஆகியவற்றில் எண்ணெய்த் துணியால் லேசாகத் துடைத்தால் போதும்.

கவனம்: ரிம்மில் பிரேக் கட்டை படும் இடத்திலும், டயரிலும் எண்ணெய் படக் கூடாது. பிரேக் பிடிக்காது, ரப்பரும் கெடும்.

நிறுத்தும் முறை

மண் தரையிலிருந்து ஈரம் ஏறும். பலகை மேல் நிறுத்துங்கள். அல்லது உத்தரத்தில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுற்றினால் உள்ளே வியர்த்துத் துரு அதிகமாகும். பழைய வேட்டியால் போர்த்தினால் போதும். மாதம் ஒருமுறை காற்றடித்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, செயினைப் பாருங்கள்.

மீண்டும் எடுக்கும்போது

பிரேம் இணைப்புகளையும் முன் போர்க்கையும் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். இரும்பு செதில் செதிலாக உதிர்ந்தால், பெயின்ட் அடித்து மறைத்து ஓட்டாதீர்கள். போர்க் ஓட்டத்தில் முறிந்தால் உயிருக்கே ஆபத்து. அதை மாற்றி, பிரேக்கைச் சோதித்த பிறகே பிள்ளைகளிடம் கொடுங்கள்.