வரலாற்றுக் குழுவுக்கு எதற்குங்க விதிமுறை? கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து சில குறிப்புகள்

2020ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியப் பாசனக் கட்டமைப்புகள் பட்டியலில் இந்தியாவிலிருந்து சேர்ந்தவற்றில் ஒன்று கம்பம் ஏரி. தேனிக்காரர்கள் அவசரப்பட்டு சந்தோஷப்பட வேண்டாம். அது ஆந்திராவில், குண்டலகம்மா ஆற்றின் குறுக்கே உள்ள கம்பம். முல்லைப் பெரியாறு பாயும் நம்ம கம்பம் இல்லை.

இந்த அங்கீகாரத்தைத் தருவது பாசனத்துக்கும் வடிகாலுக்குமான பன்னாட்டு ஆணையம். 1950ல் தொடங்கியது, தலைமையகம் புது தில்லியில். அடிப்படையில் இது பொறியாளர்களும் நீரியல் வல்லுநர்களும் கூடும் தொழில்நுட்ப அமைப்பு. அதற்குள்ளேயே பாசன வரலாற்றுக்கென்று ஒரு பணிக்குழுவும் உண்டு. மற்ற நாடுகளிலும் இப்படித்தான். அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கம் 1964ல் வரலாற்றுக்கு ஒரு கமிட்டி போட்டது. லண்டன் சிவில் பொறியாளர் கழகம் 1971ல் பழைய கட்டுமானங்களுக்கென்று ஒரு குழு வைத்தது. அமெரிக்க வேதியியல் சங்கத்தில் வரலாற்றுப் பிரிவு 1921லேயே வந்துவிட்டது.

"நாலு பேர் ஆர்வமா பழைய விஷயம் பேசுறாங்க, அதுக்கு எதுக்குப்பா விதி?" என்று கேட்கலாம். தேனி மாவட்டத்தில் ஓர் அறிவியல் சங்கமோ பொறியாளர் சங்கமோ வரலாற்றுக் குழு ஒன்றைத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் கூட்டத்திலேயே பெரியாறு அணை வந்துவிடும். அங்கேயே விதிகளின் அவசியமும் தெரிந்துவிடும்.

முதல் விதி, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது. பன்னாட்டு ஆணையம் நூறு வயது கடந்த கட்டமைப்பைத்தான் எடுத்துக்கொள்ளும். அமெரிக்கச் சங்கத்துக்குப் பொதுவாக ஐம்பது ஆண்டு போதும். பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது, ஆகவே எந்தக் கணக்கிலும் தேறும். ஆனால் பன்னாட்டு ஆணையத்தின் விதியில் இன்னொன்றும் இருக்கிறது. அணை மட்டுமல்ல, குளம், தடுப்பணை, கால்வாய் எல்லாமே தகுதியுள்ளவை. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைவது வாய்க்கால்களாலும் சிறு தடுப்பணைகளாலும்தான். நோக்கத்தில் "அணை வரலாறு" என்று மட்டும் எழுதிவிட்டால் இவ்வளவும் வெளியே நின்றுவிடும். விதியில் ஒரு சொல் மாறினால் ஒரு பள்ளத்தாக்கே காணாமல் போகும்.

இரண்டாவது, சான்று. நம்ம ஊரில் எந்த டீக்கடையிலும் கேட்கலாம்: அரசு பணத்தை நிறுத்தியதும் பென்னிகுவிக் இங்கிலாந்தில் இருந்த சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்று. பாலார்பட்டியில் பொங்கலன்று அவர் பிறந்தநாளைக் கொண்டாடுகிறார்கள். 2013ல் லோயர்கேம்பில் மணிமண்டபமே வந்துவிட்டது. அந்த நன்றியுணர்ச்சி உண்மையானது, அதில் யாரும் கை வைக்க வேண்டியதில்லை. ஆனால் இது சென்னை மாகாண அரசின் திட்டம். வரவு செலவு, கடிதம், உத்தரவு எல்லாம் எழுத்தில் ஓடியவை. ஏ.டி. மெக்கன்சி எழுதிய திட்ட வரலாறு 1899லேயே அரசு அச்சகத்தில் அச்சாகிவிட்டது. ஆகவே குழுவின் விதியில் மூன்று அடுக்கு வேண்டும்: ஆவணம், களத்தில் அளந்து பார்த்தது, வாய்மொழி. மூன்றுக்கும் இடம் உண்டு, ஆனால் ஒன்றை இன்னொன்றின் பெயரில் எழுதக்கூடாது. சொத்து விற்ற கதையை "மக்கள் சொல்வது" என்று எழுதினால் அதுவே நல்ல வரலாறு. "1886 ஒப்பந்தப்படி 8,000 ஏக்கர், 999 ஆண்டு, ஏக்கருக்கு ஐந்து ரூபாய்" என்பது ஆவணம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து அடித்தால், நாளைக்கு யாராவது முதலாவதை மறுக்கும்போது இரண்டாவதும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும்.

சான்று விதி இருந்தால் பெயர்களும் கூடும். மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனையை 1789லேயே ராமநாதபுரம் சமஸ்தானத்து முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பி ஆராய்ந்திருக்கிறார். 1808ல் கால்டுவெல் என்ற அதிகாரி பார்த்துவிட்டு நடக்காத காரியம் என்றார். 1867ல் ரைவ்ஸ் ஒரு திட்டம் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் பென்னிகுவிக். அணை கட்டுகையில் காய்ச்சலில் செத்த கூலியாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவரைத் தூக்கிப் பிடிக்க மற்றவர்களை மறக்க வேண்டிய அவசியமில்லை.

மூன்றாவதுதான் சிக்கலானது: யார் பெயரில் பேசுவது? பெரியாறு அணை நிற்பது கேரளத்தில், இயக்குவது தமிழ்நாடு, தண்ணீர் வருவது நமக்கு. 2014ல் உச்சநீதிமன்றம் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்ன பிறகும் பேச்சு ஓயவில்லை. இந்தச் சூழலில் குழு உறுப்பினர் ஒருவர் "அணை இப்படிக் கட்டப்பட்டது" என்று மேடையில் சொன்னால், மறுநாள் அது சங்கத்தின் கருத்தாகச் செய்தியில் வரும். அதனால் தாய்ச் சங்கத்தின் துணைவிதிக்கு உட்பட்டே குழு இயங்க வேண்டும். சங்கத்தின் பெயரில் அறிக்கை விட அதன் நிர்வாகக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இதைச் சிலர் வாய்ப்பூட்டு என்பார்கள். ஆனால் தன் பெயரில் எழுதுவதை யாரும் தடுக்கவில்லையே. சங்கத்தின் முத்திரையைக் கடன் வாங்குவதற்குத்தான் இந்தத் தடை.

நான்காவது, உறுப்பினர். பன்னாட்டு ஆணையத்துக்கு ஒரு நாட்டின் தேசியக் குழு வழியாகத்தான் பரிந்துரை போகும். அவ்வளவு பெரிய அமைப்புக்கு அது சரி. உள்ளூரில் அப்படி வைத்தால் பொறியியல் பட்டம் உள்ளவர்கள் மட்டும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். எந்த மடையை யார் எப்போது திறந்தார்கள் என்பதை வாய்க்காலில் முப்பது வருஷம் தண்ணீர் பாய்ச்சியவரிடம்தான் கேட்க வேண்டும். அவரைத் தகவல் கொடுப்பவராக மட்டும் வைக்காமல், ஓட்டுரிமையுள்ள உறுப்பினராகச் சேர்க்க வழி வேண்டும்.

கடைசியாக, பலரும் எழுத மறக்கும் விதி: குழு கலைந்தால் பொருள்கள் யாருக்கு? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைத் தொடங்கலாம். தொடங்குவது சுலபம்தான். ஆனால் ஆர்வக் குழு என்பது பெரும்பாலும் ஒரு செயலாளர், அவர் வீட்டு பீரோ, அவ்வளவுதான். பழைய வாய்க்கால் வரைபடம், போட்டோ, பேட்டி பதிவு எல்லாம் அந்த பீரோவில் இருக்கும். அவருக்கு மாற்றல் வந்தாலோ, காலமாகிவிட்டாலோ, வீட்டை வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். ஆகவே சேகரித்தது எதுவும் தனிநபர் சொத்தல்ல, ஒவ்வொரு ஆண்டும் பட்டியல் எடுத்து ஒரு பிரதி பொது நூலகத்திலோ கல்லூரியிலோ வைக்க வேண்டும், குழு கலைந்தால் மூலப் பிரதியும் அங்கேயே போக வேண்டும் என்று மூன்று வரி எழுதிவிட்டால் போதும்.

மற்ற விதிகளில் தவறு செய்தால் அடுத்த பொதுக்குழுவில் திருத்திக்கொள்ளலாம். எடைக்குப் போட்ட வரைபடத்தை எந்தத் தீர்மானம் போட்டும் திருப்பி வாங்க முடியாது.