ஆங்கிலத்தில் அந்த ஒரு 'ஸ்' எங்கே வரும்? எல்லை ஊர்களின் இரு மொழிகள் தரும் விளக்கம்

கேரளாவின் தெற்குக் கோடியில், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் இருக்கிறது ஆரியங்கோடு. 1956 நவம்பர் 1-ல் பக்கத்து விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கு வந்தது; நெய்யாற்றின்கரை கேரளாவிலேயே நின்றது. இந்த எல்லையில் தமிழும் மலையாளமும் கலந்தே காதில் விழும். ஆபீஸ் மெயிலில் நம்மில் பலர் தடுமாறும் 'சப்ஜெக்ட்-வெர்ப் அக்ரிமென்ட்', அதாவது எழுவாய்க்கு ஏற்ப வினை மாறுவது, புரிய இந்த இரண்டு மொழிகளே போதும்.

தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தார்கள். யார் வந்தது என்பதை வினையின் விகுதியே சொல்லிவிடும். மலையாளத்தில் எல்லாருக்கும் ஒரே 'வந்நு'தான். பழைய மலையாளத்தில் விகுதிகள் இருந்தன, பிறகு உதிர்ந்துவிட்டன.

ஆங்கிலம் எந்தப் பக்கம்? இறந்தகாலத்தில் மலையாளம் மாதிரி: ஐ கேம், ஹீ கேம், தே கேம். 'வாஸ், வேர்' மட்டும் விதிவிலக்கு. நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு மட்டும் தமிழ் மாதிரி ஒரு விகுதி ஒட்டும்: ஷீ ஒர்க்ஸ். ஐ, யூ, வீ, தே என்றால் வெறும் 'ஒர்க்'. ('ஆம், இஸ், ஆர்' தனிக் கதை.) கேள்வியிலும் மறுப்பிலும் அந்த 'ஸ்' 'டஸ்'ஸுக்குப் போய்விடும், 'ஷீ டஸ்ன்ட் ஒர்க்ஸ்' என்று இரண்டு முறை போடக்கூடாது.

விதி இவ்வளவுதான். தெரிந்தவர்களும் தப்பு விடுவது ஏன்? ஒரு காரணம் நம்ம மரியாதை. 'மேனேஜர் சொல்லியிருக்காங்க' என்கிற பழக்கத்தில் கை தானாக 'மேனேஜர் ஹாவ்' என்று டைப் செய்யும். ஆங்கிலத்தில் முதலாளியும் ஒருமைதான்: 'ஹாஸ்'. 'எல்லாரும் வர்றாங்க' நமக்குப் பன்மை; 'எவ்ரிஒன்' அங்கே ஒருமை, 'எவ்ரிஒன் இஸ் கமிங்'.

இன்னொன்று சொல் வரிசை. 'ஃபைல்களின் பட்டியல் ரெடியாக இருக்கிறது' என்பதில் எழுவாயான 'பட்டியல்' பயனிலைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஆங்கிலத்தில் 'தி லிஸ்ட் ஆஃப் ஃபைல்ஸ்' என்று வரும்போது 'ஃபைல்ஸ்' குறுக்கே நின்று 'ஆர்' போட வைக்கும். 'ஆஃப்'புக்கு முன்னால் இருப்பதைப் பாருங்கள். அது 'லிஸ்ட்', எனவே 'இஸ் ரெடி'. 'ஒன் ஆஃப் அவர் க்ளையன்ட்ஸ்' என்றாலும் இதே கணக்கு: எழுவாய் 'ஒன்', வினை 'வான்ட்ஸ்'.