சூரிய அடுப்பு (பெட்டி வகை)

சூரிய கிரணங்களின் உஷ்ணத்தைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் சேகரித்து, விறகும் மண்ணெண்ணெயுமின்றி உணவைச் சமைக்க உதவும் எளிய சாதனம். ஜெனீவா நகரத்து விஞ்ஞானியாகிய ஒராஸ் பெனெடிக்ட் டி சோசூர் 1767-ஆம் ஆண்டில் கண்ணாடிப் பெட்டிகளைக் கொண்டு நிகழ்த்திய பரிசோதனைகளே இதற்கு ஆதாரமாயின. இதனை வீட்டிலேயே நிர்மாணிக்க விரும்புவோர், இரண்டு அட்டைப் பெட்டிகளை ஒன்றினுள் ஒன்றாக வைத்து, இடைவெளியில் வைக்கோலோ கசக்கிய காகிதமோ திணித்து, உட்சுவர்களில் அலுமினியத் தாள் ஒட்டி, அடியில் கருநிறத் தகடு பரப்பி, மேலே கண்ணாடி மூடியையும் ஒளியை உள்ளே திருப்பும் பிரதிபலிப்புப் பலகையையும் பொருத்துதல் வேண்டும். கண்ணாடியானது ஒளியை உள்ளே விட்டு, கரிய தகடு வெளியிடும் உஷ்ணக் கதிர்களைத் தடுத்து நிறுத்துவதால், நல்ல வெயிலில் உள்வெப்பம் 100 டிகிரி செல்சியஸுக்கு மேலும் உயரும். சோறும் பருப்பும் வேகச் சில மணி நேரமாகும்; மேகமூட்டமான நாட்களில் இது பயன்படாது. எனினும், புகையின்றியும் எரிபொருட் செலவின்றியும் சமைக்க விழையும் குடும்பங்களுக்கு இது சாலச் சிறந்த சாதனமாகும்.