புன்னகையின் விலை

1787ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் லூவர் மாளிகையில் நடைபெற்ற ஓவியக் கண்காட்சியில் ஒரு பெண்ணின் பற்கள் சர்ச்சையைக் கிளப்பின. எலிசபெத் விஜே லெ புருன் என்ற புகழ்பெற்ற பெண் ஓவியர், தமது சிறு மகளை அணைத்தபடி இருக்கும் தோற்றத்தில் தம்மைத் தாமே வரைந்த ஓவியம் அது. அதில் அவரது இதழ்கள் சற்றே விரிந்து, வெண்ணிறப் பல்வரிசை கோடு போலத் தெரிகின்றது. இன்றைய கண்களுக்கு அது சாதாரணமான தாய்மைப் புன்னகை. அன்றைய பாரிஸின் கிசுகிசு எழுத்தாளர்களோ, பற்களைக் காட்டிச் சிரிக்கும் இந்தப் பாசாங்குக்குப் பண்டைய கலையில் முன்னுதாரணமே இல்லை என்றும், ரசனையுள்ளோர் அனைவரும் இதைக் கண்டிக்கின்றனர் என்றும் எழுதினர்.

ஒரு புன்னகை ஏன் இத்தனை கண்டனத்துக்கு உள்ளாகியது? அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் பிரபுக்களிடம் காட்டுவதற்குப் பற்கள் இருக்கவில்லை என்பதே விடையின் ஒரு பகுதி. பிரான்ஸின் பதினான்காம் லூயி மன்னருக்கு 1685ஆம் ஆண்டில் மேல்தாடைப் பற்களைப் பிடுங்கியபோது எலும்பின் ஒரு பகுதியும் உடைந்து, அண்ணத்தில் துளை விழுந்தது. அதன் பின்னர் அவர் அருந்திய பானம் மூக்கு வழியாக வெளியேறியதாக வரலாறு கூறுகின்றது. 1701ஆம் ஆண்டு ஹியாசிந்த் ரிகோ வரைந்த அவரது பிரமாண்டமான ஓவியத்தில் மன்னரின் வாய் இறுக மூடியிருக்கின்றது, கன்னங்கள் ஒடுங்கியிருக்கின்றன. ஐரோப்பாவின் மிகப் பெரும் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த மனிதருக்கு ஒரு நல்ல பல்வரிசையை வாங்க முடியவில்லை.

இந்த நிலைமையை மாற்றத் தொடங்கியவர் பியேர் போஷார் என்ற பாரிஸ் வைத்தியர். அவர் 1728ஆம் ஆண்டு இரண்டு பாகங்களாக வெளியிட்ட நூலே நவீன பல் வைத்தியத்தின் அத்திவாரம் எனக் கருதப்படுகின்றது. பல்லைப் பிடுங்குவது ஒன்றே வைத்தியம் என்றிருந்த காலத்தில், சுத்தம் செய்தல், அடைத்தல், கோணிய பற்களை உலோகப் பட்டியால் நேராக்குதல், இழந்த பற்களுக்குப் பதில் பொய்ப்பற்களைப் பொருத்துதல் ஆகிய யாவற்றையும் ஒரே வைத்தியர் செய்யக்கூடிய ஒரே துறையாக அவர் வகுத்தளித்தார். பற்களைப் புழுக்கள் அரிக்கின்றன என்ற பழைய நம்பிக்கையையும் அவர் மறுத்தார். 'சூத்தைப் பல்', 'பூச்சிப் பல்' என்று நாம் இன்றும் சொல்லும் வழக்கில் அந்த நம்பிக்கையின் எச்சம் உயிரோடுதான் இருக்கின்றது.

இன்று 'ஸ்மைல் மேக்கோவர்' என்று விளம்பரப்படுத்தப்படும் புன்னகைச் சீரமைப்பு, அதாவது பல சிகிச்சைகளை ஒன்றிணைத்து ஒருவருடைய சிரிப்பை மாற்றியமைக்கும் முறை, போஷாரின் இந்தச் சிந்தனையின் தொடர்ச்சியே. ஆயினும் அந்தப் புன்னகைக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் வரலாறு முழுமை பெறாது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஏழைகளின் வாயிலிருந்து பிடுங்கிய பல்லைச் சுடச்சுடச் செல்வந்தரின் வாயில் நடும் வழக்கம் லண்டனில் பரவியிருந்தது. ஜோன் ஹன்டர் போன்ற பெரும் சத்திரசிகிச்சை நிபுணரே அதற்கு ஆதரவளித்தார். 1787இல் தோமஸ் ரோலண்ட்சன் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று இந்தக் கொடுமையைத் தோலுரித்தது. கந்தலுடை அணிந்த சிறுவர்கள் வேதனையோடு வெளியேற, அலங்காரச் சீமாட்டிகள் தமது முறைக்காகக் காத்திருக்கும் காட்சி அது. விஜே லெ புருனின் புன்னகை ஓவியம் பாரிஸில் காட்சிக்கு வைக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

அமெரிக்காவின் முதலாவது ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் 1789இல் பதவியேற்றபோது அவரது வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருந்தது. அவரது பொய்ப்பற்கள் மரத்தால் ஆனவை என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தமும், உலோகமும், மனிதப் பற்களும் அவற்றில் பயன்படுத்தப்பட்டன. 1784ஆம் ஆண்டுக்குரிய அவரது கணக்கேட்டில், கறுப்பின மக்களிடமிருந்து ஒன்பது பற்களை வாங்கியதற்காக 122 ஷில்லிங் கொடுத்ததாக ஒரு பதிவு இருக்கின்றது. மறுக்கும் உரிமையற்ற அடிமைகளிடமிருந்து 'வாங்கியது' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை வாசகர்களே சிந்தித்துக்கொள்ளலாம். 1815இல் வாட்டர்லூ போர்க்களத்தில் இறந்து கிடந்த வீரர்களின் பற்களும் பிடுங்கப்பட்டுப் பொய்ப்பல் வணிகத்துக்குச் சென்றன. 'வாட்டர்லூ பற்கள்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இதிலிருந்து மீட்சி தந்தது பீங்கான். நிக்கொலா துபுவா த ஷெமான் என்ற பிரெஞ்சு வைத்தியர் பீங்கானால் பல்வரிசை செய்து, புரட்சிக் காலத்தில் லண்டனுக்குத் தப்பி வந்து, 1791இல் அங்கு காப்புரிமை பெற்றார். அவை எளிதில் உடைந்தன. இயற்கைக்கு மாறான வெண்மையோடு பளபளத்தன. ஆனால் இன்னொரு மனிதரின் வாயிலிருந்து அவை வரவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு, நோவு தெரியாமல் சிகிச்சை செய்யும் மயக்க மருந்தைத் தந்தது. அதே நூற்றாண்டில் புகைப்படக் கருவியும் பிறந்தது. பத்திரிகைக் காரியாலயங்களில் புகைப்படங்களோடு நீண்டகாலம் பழகியவன் என்ற முறையில் ஒன்றைக் கவனித்திருக்கின்றேன். எமது முந்திய தலைமுறையினரின் ஸ்டூடியோ படங்களில் பல்லைக் காட்டிச் சிரிப்பவரைக் காண்பது அரிது. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் தாத்தாவும், அருகில் நிற்கும் பாட்டியும் உதடுகளை இறுக்கி மூடியிருப்பர். கண்ணியம் பற்றிய எண்ணம் ஒரு காரணம். வெற்றிலைக் காவியும் விழுந்துபோன பற்களும் இன்னொரு காரணமாக இருந்திருக்கலாம். நீத்தார் பெருமை கூறும் பக்கங்களில் இன்று வெளியாகும் படங்களோ பெரும்பாலும் வாய்விட்டுச் சிரிப்பவை. இந்த மாற்றம் எமது மண்ணில் மாத்திரம் நிகழ்ந்ததல்ல. இதில் சினிமாவுக்குப் பெரும் பங்கு உண்டு.

சினிமாவில் முகம் பன்மடங்கு பெரிதாகத் திரையில் விழுகின்றது. ஒரு சிறிய பல் இடைவெளியும் ஆயிரம் பேருக்குத் தெரிகின்றது. 1930களில் கலிபோர்னியாவின் சார்ள்ஸ் பிங்கஸ் என்ற பல் வைத்தியர், நடிகர்களின் பற்களுக்கு மேல் ஒட்டக்கூடிய மெல்லிய பீங்கான் ஓடுகளைச் செய்தார். அவை பொய்ப்பல் ஒட்டும் பசைத்தூளால் தற்காலிகமாக ஒட்டப்பட்டவை. அவற்றோடு உணவு உண்ண முடியாது. படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். குழந்தை நட்சத்திரமான ஷேர்லி டெம்பிளின் பால்பற்கள் விழுந்தபோது அந்த இடைவெளிகளை மறைத்ததும் இத்தகைய ஓடுகளே. அக்காலத்தின் அழகு நாயகன் கிளார்க் கேபிளோ ஈறுநோயின் காரணமாக 1933இல் தமது பற்களில் ஏறத்தாழ அனைத்தையும் இழந்து பொய்ப்பற்களோடு நடித்தவர். உலகம் பார்த்துப் பெருமூச்சு விட்ட புன்னகைகளில் பல, இரவில் கழற்றி வைக்கப்பட்டவை.

பிங்கஸ் தமது முறையைப் பற்றிய கட்டுரையை 1938இல் வெளியிட்டார். அதே ஆண்டில் அமெரிக்காவின் மறுகோடியில், பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் நகரில், ஹேர்பர்ட் கூப்பர் என்ற பல்சீரமைப்பு நிபுணர் பிளவுற்ற அண்ணத்தோடு பிறக்கும் குழந்தைகளுக்கென ஒரு சிகிச்சை நிலையத்தை ஆரம்பித்தார். அத்தகைய குழந்தைக்கு ஒரு வைத்தியர் போதாது. பிளவை மூடச் சத்திரசிகிச்சை நிபுணர், பல்வரிசையை நேராக்க இன்னொருவர், இல்லாத பற்களை அமைக்க வேறொருவர், பேச்சைத் திருத்த மற்றொருவர் தேவை. இவர்கள் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து, ஒரே குழந்தைக்கு ஒரே திட்டம் வகுக்க வேண்டும் என்பதே கூப்பரின் கொள்கை.

புன்னகைச் சீரமைப்புக்கு இவ்வாறு இரண்டு வேர்கள் இருக்கின்றன. ஒன்று கமராவுக்காக அழகுபடுத்தியது. மற்றையது ஒரு குழந்தை உண்ணவும் பேசவும் சிரிக்கவும் வழி தேடியது. பின்னர் வந்த கண்டுபிடிப்புகள் இரண்டு வேர்களுக்கும் நீர் வார்த்தன.

1955இல் மைக்கேல் புவனகோர் என்ற அமெரிக்க ஆய்வாளர், பல்லின் மேற்பூச்சான மிளிரியை பொஸ்பரிக் அமிலத்தால் அரை நிமிடம் நனைத்தால் அது நுண்ணிய சொரசொரப்பைப் பெற்று, பிசினை உறுதியாகப் பற்றிக்கொள்ளும் என்று காட்டினார். அடைத்த இடத்தின் விளிம்பில் கசிவு ஏற்படாமல் தடுப்பதே அவரது நோக்கம். 1962இல் ரஃபேல் போவன் பல் நிறத்திலான புதிய பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். இவற்றின் வழியே 1983இல், அமிலமிட்ட பீங்கான் ஓட்டை அமிலமிட்ட பல்லின் மீது நிரந்தரமாக ஒட்டும் முறை வெளியானது. பிங்கஸின் தற்காலிக ஓடு, 'வெனீர்' என்ற பெயரில் உண்ணவும் பயன்படும் நிரந்தர ஓடாகியது.

சுவீடனில் பிரெனேமார்க் என்ற பேராசிரியர், இரத்த ஓட்டத்தை ஆராய்வதற்காக முயலின் எலும்பில் டைட்டேனியக் குழாயைப் பொருத்தியபோது, உலோகம் எலும்போடு ஒன்றிவிட்டதை 1952இல் கண்டார். 1965இல், தாடை உருக்குறையோடு பிறந்து கீழ்த்தாடையில் பற்களின்றி அவதியுற்ற கோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாக டைட்டேனிய வேர்களைப் பொருத்தினார். லார்சன் 2006இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அவை பயன் தந்தன. இம்பிளாண்ட் எனப்படும் சிகிச்சையின் தொடக்கம் இதுவே.

பற்களை வெண்மையாக்கும் முறையும் தற்செயலாகவே பிறந்தது. 1960களில் அமெரிக்க பல்சீரமைப்பு நிபுணர் ஒருவர், ஈறுப் புண்ணுக்காகக் கிருமிநாசினியை இரவில் கவசத்தில் இட்டு அணியச் சொன்னபோது, புண் ஆறியதோடு பற்களும் வெளுத்தன. 1989இல் அது முறையான சிகிச்சையாக ஆய்விதழில் விளக்கப்பட்டது.

இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நோவைத் தீர்க்கப் பிறந்தவை. 2002இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மனிதர்களின் தோற்றத்தையே மாற்றிக்காட்டும் தொடர் நிகழ்ச்சி ஒளிபரப்பாகத் தொடங்கிய பின்னர், இவை அனைத்தும் ஒரே பொதியாகக் கட்டப்பட்டு விற்பனைக்கு வந்தன. ஒரு மணிநேர நிகழ்ச்சியில் மாதக்கணக்கான சிகிச்சை சில நிமிடங்களாகச் சுருங்கியது. மக்களின் மனதில் பதிந்தது அந்தச் சில நிமிடங்களே.

ஒன்றிணைந்த சிகிச்சைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஈறுநோயும் சூத்தையும் குணமாக வேண்டும். அழுகிய அத்திவாரத்தின் மேல் பீங்கான் நிலைக்காது. பின்னர் கோணிய பற்களை நேராக்க வேண்டும். இதற்கே ஒன்றரை இரண்டு ஆண்டுகள் செல்லலாம். டைட்டேனிய வேர் எலும்போடு ஒன்றுவதற்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் தேவை. வெண்மையாக்குவதை வெனீர் ஒட்டுவதற்கு முன்னரே செய்ய வேண்டும். ஏனெனில் பீங்கானை வெளுக்கச் செய்ய இயலாது. வெண்மையாக்கிய பின்னரும், ஒட்டுவதற்கு முன் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் பொறுக்க வேண்டும். இல்லையேல் பல்லில் தங்கிய ஒட்சிசன் பிசினின் பிடிப்பைக் குலைத்துவிடும்.

இந்த ஒழுங்கை விடுமுறைக் காலத்துக்குள் அடக்க முயலும்போதே விபரீதம் நேருகின்றது. 2020களில் பிரித்தானிய இளைஞர்கள் பலர் துருக்கிக்குப் பறந்து சென்று, ஆரோக்கியமான பற்களைக் குச்சிகளாக அராவி, முழு உறைகளைப் போட்டுக்கொண்டு திரும்பியது பெரும் விவாதமாகியது. 2002இல் வெளியான ஓர் ஆய்வு, வெனீர் ஓட்டுக்காகப் பல்லின் மேற்பகுதியில் 3 முதல் 30 சதவீதம் அகற்றப்படுவதாகவும், முழு உறைக்காக 63 முதல் 72 சதவீதம் அகற்றப்படுவதாகவும் கணித்தது. மிளிரியை உருவாக்கும் கலங்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. ஆகவே அராவப்பட்டது மீண்டும் வளராது. இருபத்தைந்து வயதில் போட்ட உறையை வாழ்நாளில் பல முறை மாற்ற வேண்டியிருக்கும்.

எமது புலம்பெயர் உறவுகளும் மூன்று வார விடுமுறையில் கொழும்புக்கோ சென்னைக்கோ வரும்போது பற்களையும் பார்த்துக்கொண்டு திரும்புவது வழக்கமாகிவிட்டது. தாம் வாழும் நாட்டில் கட்டணம் மிக அதிகம் என்பதால் இதில் குறை காண்பதற்கில்லை. எமது வைத்தியர்களின் திறமையிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் விமானச் சீட்டில் உள்ள திகதி, எலும்பு ஒன்றும் காலத்தைத் தீர்மானிக்க முடியாது. திட்டத்தை எழுத்தில் கேளுங்கள். எத்தனை பற்கள், எவ்வளவு அராவப்படும், அராவாமல் நேராக்கவோ வெண்மையாக்கவோ முடியாதா, ஊர் திரும்பிய பின் யார் கவனிப்பார் என்று கேளுங்கள். நல்ல வைத்தியர் இக்கேள்விகளால் சினமடைய மாட்டார்.

பதினான்காம் லூயிக்குக் கிடைக்காத பல்வரிசை இன்று ஒரு சாதாரண உழைப்பாளிக்குக் கிட்டும் நிலை வந்திருப்பது மனிதகுலத்தின் சாதனைகளில் ஒன்று. பிளவுற்ற உதட்டோடு பிறந்த குழந்தை கூச்சமின்றிச் சிரிப்பதற்கும், விபத்தில் பற்களை இழந்த இளைஞன் வாயைப் பொத்தாமல் பேசுவதற்கும் இது வழி செய்திருக்கின்றது. ஒருகாலத்தில் ஏழைச் சிறுவர்களும் அடிமைகளும் போர்க்களத்துப் பிணங்களும் மற்றவரின் புன்னகைக்கு விலை கொடுத்தனர். இப்போது அந்த விலையை நாமே, எமது ஆரோக்கியமான பல்லால் கொடுக்க முன்வருகின்றோம். தேவை இருக்குமிடத்தில் அது நியாயமான விலை. தேவை இல்லாதவிடத்தில், இயற்கை ஒருமுறை மாத்திரம் தரும் செல்வத்தைத் தூளாக்கி ஊதிவிடுவதாகும்.