செங்கோட்டையில் ஒலித்த வாதம்

டில்லிச் செங்கோட்டையில்தான் 1858-ஆம் ஆண்டு, கடைசி மொகலாய மன்னர் பகதூர்ஷா ஜஃபரை ஆங்கிலேய இராணுவக் குழு விசாரித்தது. 87 ஆண்டுகளுக்குப் பின்னர், 1945 நவம்பர் 5-ஆம் நாள், அதே கோட்டையில் மற்றோர் இராணுவ நீதிமன்றம் கூடிற்று. கேப்டன் ஷாநவாஸ் கான், கேப்டன் பிரேம்குமார் சைகல், லெப்டினென்ட் குர்பக்ஷ்சிங் தில்லான் ஆகிய மூவர் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தனர் என்பதே அவர்கள்மீது சாட்டப்பட்ட முதற்குற்றம். மலேயாத் தோட்டங்களில் உழைத்த தமிழர் பலரும் அப்படையில் சேர்ந்திருந்தனர். ஆகவே இவ்வழக்கு நம்மவர் வழக்குமாகும்.

தீர்ப்பளிக்க அமர்ந்த எழுவரும் இராணுவ அதிகாரிகளே. அவர்களுள் நால்வர் ஆங்கிலேயர். அத்தகைய மன்றத்தில் வாதிட வந்தவர் புலாபாய் தேசாய். தேஜ் பகதூர் சாப்ரு, ஆசப் அலி, கைலாசநாத் கட்ஜு போன்றோர் அவருக்குத் துணை நின்றனர். நெடுங்காலமாக நீதிமன்றப் படியேறாத நேருவும் வழக்கறிஞர் அங்கி அணிந்து வந்தார்.

தேசாய் இரக்கத்தை யாசிக்கவில்லை. 1943 அக்டோபர் 21-இல் சிங்கப்பூரில் பிரகடனம் செய்யப்பெற்ற சுதந்திர அரசைப் பிற நாடுகள் அங்கீகரித்திருந்தன. அதன் படை முறைப்படி அமைந்த படை. எனவே அது நடத்திய போரைச் சர்வதேசச் சட்டத்தைக் கொண்டே அளக்க வேண்டும் என்றார். அடிமைப்பட்ட மக்களுக்குத் தம் விடுதலைக்காகப் போரிடும் உரிமை உண்டென வலியுறுத்தினார். சிங்கப்பூர் வீழ்ந்தபின், 1942 பிப்ரவரி 17-இல், இந்தியப் போர்வீரரை ஜப்பானியரிடம் ஒப்படைத்தவர் ஓர் ஆங்கிலேய அதிகாரியே என்பதையும் மன்றத்துக்கு நினைவூட்டினார்.

டிசம்பர் 31-இல் விசாரணை முடிந்தது. போர் தொடுத்த குற்றம் மூவர்மீதும் உறுதியாயிற்று. கொலை தொடர்பான குற்றங்களிலிருந்து சைகலும் தில்லானும் விடுபட்டனர்; ஷாநவாஸ்மீது கொலைக்கு உடந்தையான குற்றமும் நிலைத்தது. மூவருக்கும் ஆயுட்கால நாடுகடத்தல் தண்டனை. ஆயினும் நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பின் நடுவே, 1946 ஜனவரித் தொடக்கத்தில், தலைமைத் தளபதி ஆகின்லெக் அத்தண்டனையை நீக்கினார். பதவி நீக்கமும் சம்பள இழப்பும் மட்டுமே எஞ்சின. அவ்வாண்டு மே மாதத்தில் தேசாய் காலமானார்.

மன்றத்தில் தோற்ற வாதம் மக்கள் மனத்தில் வென்றது. அரசின் பகைவனெனக் கருதப்படும் சிப்பாய்க்கும் தன் பக்கத்து நியாயத்தை எடுத்துரைக்க ஒரு நாவு வேண்டும். அந்த நாவு கிட்டாத இடத்தில் விசாரணை என்பது வெறும் சடங்காகவே முடியும்.